மே இருபத்தொன்பதில் நடந்தவை

காற்று அறிக்கை வாசிப்பதற்கு நல்ல குரல் தேவையில்லை. அவசரப்படாமல் இருந்தால் போதும். கடலில் இருப்பவன் ஒரு கையில் சுக்கானையும் மறு கையில் சாண்ட்விச்சையும் பிடித்துக்கொண்டு கேட்கிறான். அவன் காதில் ஏறுகிற வேகத்தில் சொல்ல வேண்டும். இருபது வருஷமாக நான் அப்படித்தான் வாசித்தேன். டன்னிக் துறையில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், இன்ஸ்பெக்டர். கிளாரி டட்டன் ஒரு நாளாவது தப்பாக வாசித்தான் என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள். இந்த விஷயத்தில்கூட நான் எதையும் தப்பாக வாசிக்கவில்லை. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

என் வீட்டை நீங்கள் பார்த்துவிட்டீர்கள். குன்றின் உச்சியில் தகரம் வேய்ந்த இரண்டு அறைகள், பக்கத்தில் ரேடியோ கொட்டகை. மீனவர் சங்கம் ரேடியோவைக் கொடுத்தது, நான் குரலைக் கொடுத்தேன். சம்பளம் கிடையாது. காலை ஆறு, மதியம் இரண்டு, மாலை ஐந்து. தலைநகர் ஹோபார்ட்டிலிருந்து வானிலைக்காரர்கள் தொலைபேசியில் சொல்வதை எழுதிக்கொள்வேன், திருப்பிச் சொல்லிச் சரிபார்ப்பேன், நேரம் வந்ததும் படகுகளுக்கு வாசிப்பேன். பிறகு ஒவ்வொரு படகையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவேன். எங்கே நிற்கிறோம், எத்தனை பொறிக்கூடு இறக்கினோம், சிங்கி இறால் விழுந்ததா இல்லையா என்று அவர்கள் சொல்வார்கள். இறால் விழுந்ததா என்பதில் மட்டும் எல்லோரும் பொய் சொல்வார்கள். அது அந்தத் தொழிலின் மரியாதை.

தேதிகளைச் சொல்லும் வழக்கம் ஒரு மூடுபனிக் காலத்தில் தொடங்கியது. மூன்று நாளாகப் படகுகளெல்லாம் நங்கூரம் போட்டுக் கிடந்தன. நான் அதே அறிக்கையைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தேன். 'பேஷன்ஸ்' படகின் கெல்வினுக்குப் பொறுக்கவில்லை.

"கிளாரி, காத்து இல்லைங்கிறதை எத்தனை வாட்டிதான்யா சொல்லுவே? ஜன்னலைத் திறந்தா எனக்கே தெரியுது. வேற ஏதாவது சொல்லு."

கைக்கெட்டும் தூரத்தில் கலைக்களஞ்சியம் இருந்தது. வீடு வீடாக வந்து விற்ற ஒருவனிடம் பன்னிரண்டு தொகுதிகளையும் வாங்கியிருந்தேன். அவன் என்னோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசினான் என்பதுதான் வாங்கியதற்குக் காரணம். அன்று ஜனவரி முப்பது. இங்கிலாந்து ராஜா ஒருவரின் தலையை வெட்டிய நாள் என்று சொன்னேன். அதே தேதியில்தான் இந்தியாவில் காந்தியைச் சுட்டார்கள் என்றும் சொன்னேன்.

"அப்ப நாளைக்கு யாரு, வாத்தியாரே?" என்றான் கெல்வின். எல்லாப் படகிலும் சிரித்தார்கள். அன்றிலிருந்து எனக்கு வாத்தியார் என்று பெயர்.

வேடிக்கையாகத் தொடங்கியது, நாளடைவில் எனக்கு அதுதான் எல்லாம் என்று ஆகிவிட்டது. ஒரு தேதி என்பது ஒரு வீடு மாதிரி. உயிரோடு இருந்தபோது ஒருவரையொருவர் பார்த்தே இராதவர்கள் அதற்குள் ஒன்றாக உட்கார்ந்திருக்கிறார்கள். தலை போன ராஜாவும் சுடப்பட்ட காந்தியும் ஒரே மேஜையில். அங்கே யாரும் தனியாக இல்லை. என் மனைவி மார்ஜ் என்னை விட்டு மெல்போர்னுக்குப் போனது நவம்பர் மூன்றாம் தேதி. ரஷ்யாக்காரர்கள் ஒரு நாயைத் தன்னந்தனியாக வானத்துக்கு அனுப்பியதும் நவம்பர் மூன்றுதான். நாயும் திரும்பி வரவில்லை, மார்ஜும் வரவில்லை. அதைக் கண்டுபிடித்த அன்று எனக்கு மனம் கொஞ்சம் லேசானது, கூட ஒரு நாயாவது இருக்கிறதே என்று.

நான் இதிலெல்லாம் மிகவும் கண்டிப்பானவன். நம் கடிகாரத்துக்கும் அந்த ஊர்க் கடிகாரத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக்கூடப் பார்ப்பேன். போன வருஷம் பிரஸ்ஸல்ஸ் கால்பந்து மைதானத்தில் முப்பத்தொன்பது பேர் செத்தார்கள். அங்கே மே இருபத்தொன்பது. ஆனால் அப்போது தாஸ்மேனியாவில் முப்பதாம் தேதி பிறந்துவிட்டது. ஆகவே அதை நான் மே இருபத்தொன்பதில் சேர்ப்பதில்லை. நேர்மை என்றால் நேர்மை.

படகுக்காரர்களின் பிறந்த நாள்களெல்லாம் எனக்கு மனப்பாடம். அவரவர் நாளில் உலகத்தில் என்ன நடந்தது என்று சொல்வேன். சந்தோஷப்படுவார்கள். ஆனால் என் குன்றின் மேல் குரல்தான் ஏறி வந்தது, ஆள் ஏறி வரவில்லை. கீழே கடையில் பார்த்தால், "என்ன வாத்தியாரே, சௌக்கியமா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் போய்விடுவார்கள். கிறிஸ்துமஸ் அன்று டின்னில் அடைத்த பன்றிக்கறியை வெட்டித் தின்றுவிட்டு, மாலை ஐந்து மணிக்கு ஆளில்லாத படகுகளுக்கு அறிக்கை வாசிப்பேன். எல்லோரும் கரையில் குடும்பத்தோடு இருப்பார்கள் என்று தெரியும். இருந்தாலும் பெயர் சொல்லிக் கூப்பிடுவேன். ரொம்பவும் வலிக்கும். பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது.

இனி 1971 மே இருபத்தொன்பதுக்கு வருகிறேன். அன்று சனிக்கிழமை.

'நோரீன்' என்ற படகில் வெர்ன் ஜார்விஸும் இன்னும் இரண்டு பேரும் பிளின்டர் தீவுக்குத் தென்பக்கம் இருந்தார்கள். தென்மேற்கிலிருந்து சூறைக்காற்று எந்த அறிவிப்பும் இல்லாமல் வந்தது. அந்தத் தடவை வானிலைக்காரர்களுக்கே தெரியாது, என் மேல் எந்தத் தப்பும் இல்லை. அந்தக் காலத்தில் ஊரில் இருந்த ஒரே கரை ரேடியோ என்னுடையதுதான். அதனால் சாயங்காலம் பெண்கள் ஒவ்வொருவராகக் குன்றேறி வந்தார்கள். வெர்னின் மனைவி தெல்மா முதலில் வந்தாள். பிறகு மற்ற இருவரின் மனைவிகள், அக்கா தங்கைகள், பாதிரியார், கடைக்காரர். கொட்டகை நிரம்பி வழிந்தது. யாரோ அடுப்பை மூட்டினார்கள். யாரோ என் தோளில் கை வைத்து, "விடாம கூப்பிடுங்க, கிளாரி" என்றார்கள். தெல்மா என் நாற்காலியின் கையைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்திருந்தாள். தேநீர் கொடுக்கக் கோப்பை போதவில்லை. ஜாம் பாட்டிலில்கூட ஊற்றிக் கொடுத்தோம்.

சந்தோஷமாக இருந்தேன் என்று சொன்னால் நீங்கள் தப்பாக எடுத்துக்கொள்வீர்கள். வீடு நிறைந்திருந்தது என்று மட்டும் சொல்கிறேன்.

வெர்னிடமிருந்து கடைசிவரை ஒரு வார்த்தையும் வரவில்லை. கரகரவென்ற இரைச்சல் மட்டும் இரண்டு தடவை கேட்டது. அது அவன்தானா என்றுகூடச் சொல்ல முடியாது. ஆனால் அந்த நேரத்தில் தெல்மா வெளியே போயிருந்தாள். திரும்பி வந்து என் முகத்தைப் பார்த்தாள். "ஏதாவது சொன்னாரா?" என்று கேட்டாள். ஆமாம், உன்னைப் பற்றிக் கேட்டான் என்றேன். நீங்களாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பீர்கள்.

அடுத்த வருஷம் அதே தேதியில் படகுத்துறையில் ஊரே கூடியது. கடலில் மலர்வளையம் விட்டார்கள். தொப்பியைக் கழற்றிவிட்டு ஒரு நிமிஷம் மௌனமாக நின்றார்கள். பிறகு கூட்டம் கூட்டமாகக் குன்றேறி வந்து என்னோடு கைகுலுக்கினார்கள். நான் கோப்பைகள் வாங்கி வைத்திருந்தேன், ஒரே மாதிரியாகப் பன்னிரண்டு, விளிம்பில் நீலக்கோடு போட்டவை. எல்லோரும் போன பிறகு தெல்மா மட்டும் இருந்தாள். தேங்காய்த் துருவலில் புரட்டிய லாமிங்டன் கேக் கொண்டுவந்திருந்தாள். "வெர்ன் சொன்னதை இன்னொரு வாட்டி சொல்லுங்க" என்றாள். சொன்னேன். அதிகமாக ஒன்றும் சேர்க்கவில்லை, ஒரே ஒரு வாக்கியம்தான் சேர்த்தேன்.

அப்படியே வருஷத்துக்கு ஒரு வாக்கியமாகச் சேர்ந்துகொண்டே வந்தது. பத்தாவது வருஷத்தில் வெர்ன் ஜார்விஸ் உயிரோடு இருந்த காலத்தில் பேசியதைவிட அதிகமாகவே பேசியிருந்தான். மகன் டேரலைப் படிக்க வை என்றான், வீட்டுக் கூரையைப் பழுதுபார்க்கச் சொன்னான், நாயை விற்காதே என்றான். கடைசியில் எப்போதும் "தெல், தெல்" என்று கூப்பிட்டான். தெல்மா மடியில் கை வைத்துக்கொண்டு கேட்பாள். எனக்கு வருஷம் முழுவதும் அந்த ஒரு சாயங்காலம்தான். மற்ற நாள்களெல்லாம் அதற்குப் போகிற வழி.

கூட்டம் மட்டும் கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாகிவிட்டது. முதலில் ஊரே வந்தது. பிறகு பாதி. அப்புறம் பாதிரியாரும் ஜலதோஷம் பிடித்த நான்கு பேரும். பன்னிரண்டு கோப்பைகளில் பதினொன்று சுவரில் தொங்கித் தூசி பிடித்தன. அதையும் பொறுத்துக்கொண்டேன். தெல்மா வந்தாள் அல்லவா.

இந்த ஏப்ரலில் துறைக் குழு கூடியது. நினைவு நாளை மே மாதத்திலிருந்து எடுத்து, ஜனவரியில் படகுகளை ஆசீர்வதிக்கிற நாளோடு சேர்த்துவிடலாம் என்று ஒருவர் சொன்னார். கோடை வெயில் இருக்கும், சாஸேஜ் சுடலாம், பிள்ளைகளும் வருவார்கள் என்றார். நான் எழுந்தேன். தேதி என்பது நாற்காலி இல்லை, நம் வசதிக்கு இழுத்துப் போட்டுக்கொள்ள, என்றேன். அவர்கள் இறந்தது மே மாதத்தில் என்றேன்.

"வாத்தியாரே, மே மாசக் குளிர்ல அந்தத் துறையில போய் நின்னா உயிரோட இருக்கிறவனும் செத்துருவான்" என்றான் கெல்வின்.

சிரித்தார்கள். சிரிக்கட்டும், கெல்வின் கெட்டவன் இல்லை. கை தூக்கச் சொன்னார்கள். நான் சுற்றிலும் பார்த்தேன். தெல்மாவின் கை மேலே இருந்தது. அவள் மகன் டேரலின் கையும் மேலே இருந்தது. நான் உட்கார்ந்துவிட்டேன்.

மே மாத முதல் ஞாயிற்றுக்கிழமை தெல்மா குன்றேறி வந்தாள். தேதிக்கு முன்னாலேயே வந்ததில்லை, அதனால் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. தேநீர் போட்டேன். அவள் கையில் கேக் இல்லை என்பதைப் பிறகுதான் கவனித்தேன்.

"கிளாரி, இந்த வருஷம் நான் வரலை. கோவிச்சுக்காதீங்க. ரெக்கும் நானும் ஜூன்ல குவீன்ஸ்லாந்து போயிடறோம். இந்தக் குளிர் என் முட்டிக்கு ஆகலை."

ரெக் என்பது லாரி ஓட்டி ஓய்வுபெற்ற ஒருவன். பெரிய காது. அவனைப் பற்றிச் சொல்ல வேறு ஒன்றும் இல்லை.

வெர்ன் என்ன நினைப்பான் என்று கேட்டேன். அவள் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"வெர்ன் என்னைத் தெல்னு ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. அம்மாங்கிறதுதான் அவருக்கு வாயில வரும், டேரல் பிறந்ததுலேர்ந்து. எனக்கு முதல் வருஷமே தெரியும், கிளாரி. ரேடியோல ஒண்ணும் வரலைன்னு பாதிரியாரே சொன்னாரு, அவரு உங்க பின்னாடிதானே நின்னாரு."

"அப்புறம் ஏன் வந்தே?"

"நீங்க ஒத்தையா உட்கார்ந்திருப்பீங்களேன்னுதான்" என்றாள். பிறகு, கிறிஸ்துமஸுக்குக் குவீன்ஸ்லாந்து வந்துவிடுங்கள், வாசல் பக்கம் தனி அறை இருக்கிறது என்றும் சொன்னாள்.

துக்கத்தில் இருப்பவர்களுக்கு ஞாபகம் குழம்பும். அவள் சொன்னதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவள் இறங்கிப் போவதை ஜன்னல் வழியே பார்த்தேன். அவள் கோப்பையைக் கழுவி மாட்டினேன். என் மனதில் பட்டது இதுதான்: ஊர் மறந்துகொண்டிருக்கிறது. அந்தத் தேதிக்கு யாராவது உயிர் கொடுக்க வேண்டும். கொடுக்க என்றால் அந்த அர்த்தத்தில் இல்லை. நீங்கள் அப்படிப் பார்க்காதீர்கள்.

போன வியாழக்கிழமை மே இருபத்தொன்பது.

காலை ஆறு மணிக்கு அறிக்கை வாசித்தேன். வடகாற்று, பதினைந்து நாட், கடல் சாதாரணம். படகுகளைக் கூப்பிட்டேன். ஒவ்வொருவரும் எங்கே நிற்கிறோம் என்று சொன்னார்கள். நான் காத்திருந்தேன். யாராவது 'நோரீன்' என்று ஒரு வார்த்தை சொல்வார்கள் என்று நினைத்தேன். 'சில்வர் டெர்ன்' படகில் டேரல் இருந்தான். வெர்னின் மகன் என்று சொன்னேனே, அவன்தான்.

"வாத்தியாரே, இன்னைக்கு என்ன விசேஷம்?" என்று கேட்டான். தினமும் கேட்பது மாதிரியே கேட்டான். அப்பன் செத்த நாளில் மகன் கேட்கிறான், என்ன விசேஷம் என்று.

மத்தியானம் சொல்கிறேன் என்றேன்.

அவன் அன்று பிளின்டர் தீவின் தென்பக்கம் போனது எதற்காக என்று எனக்கு அப்போது தெரியாது. படகில் கூட இருந்த மிக், ஆஸ்பத்திரியில் உங்களிடம் சொன்னானாம், நீங்கள்தான் நேற்று எனக்குச் சொன்னீர்கள். வருஷா வருஷம் அந்தத் தேதியில் டேரல் அங்கே நங்கூரம் போட்டு, ஒரு பாட்டில் பியரை அப்பனுக்காகக் கடலில் ஊற்றுவானாம். யாருக்கும் சொன்னதில்லையாம். எனக்குச் சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

பன்னிரண்டு மணிக்கு ஹோபார்ட்டிலிருந்து தொலைபேசி வந்தது. காலை அறிக்கையில் மாற்றம் இல்லை, ஆனால் ஒரு வரியைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள்: இருட்டுவதற்குள் காற்று தென்மேற்குக்குத் திரும்பும், நாற்பத்தைந்து நாட் வேகத்தில் சூறைக்காற்று, எச்சரிக்கை. நான் எழுதினேன். திருப்பிச் சொன்னேன். தொலைபேசியில் பேசிய பையன், "மிகச் சரி, மிஸ்டர் டட்டன்" என்றான். அவன் சொல்வது உண்மைதான். நான் அதை மறுக்கவில்லை.

இரண்டு மணிக்கு உட்கார்ந்தேன். வடகாற்று, பதினைந்து நாட், கடல் சாதாரணம். எல்லாம் நிதானமாக வாசித்தேன். அடுத்த வரியின் மேல் விரல் இருந்தது. விரலை அங்கேயே வைத்துக்கொண்டு, இன்றைக்கு மே இருபத்தொன்பது என்றேன்.

கான்ஸ்டான்டிநோபிள் நகரம் துருக்கியரிடம் விழுந்ததைச் சொன்னேன். ஐநூறு வருஷம் கழித்து, தேனீ வளர்க்கும் நியூஸிலாந்துக்காரர் ஒருவரும் ஷெர்ப்பா ஒருவரும் எவரெஸ்டின் உச்சியில் ஏறியதைச் சொன்னேன். கனடாவில் மூடுபனிக்குள் இரண்டு கப்பல்கள் மோதி, ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் கால் மணி நேரத்துக்குள் மூழ்கியதைச் சொன்னேன். கடைசியாக 'நோரீன்' என்றேன். வெர்ன் ஜார்விஸ் என்றேன், மற்ற இருவரின் பெயர்களையும் சொன்னேன். பிறகு ஒரு நிமிஷம் மௌனமாக இருந்தேன். ரேடியோவிலும் அப்படியே செய்தார்கள் என்றுதான் நினைக்கிறேன். அல்லது வேலையைப் பார்க்கப் போயிருக்கலாம்.

"இன்னைக்குப் பட்டியல் ரொம்ப நீளம், வாத்தியாரே" என்றான் கெல்வின். அவன் மட்டும், அலையின் போக்கு பிடிக்கவில்லை என்று முணுமுணுத்துக்கொண்டே கூடுகளை விட்டுவிட்டுக் கரைக்குத் திரும்பினான். முப்பது வருஷம் கடலில் இருந்தவன். அவனைப் பார்த்து இன்னும் இரண்டு படகுகள் திரும்பின. இதிலிருந்தே தெரிகிறதல்லவா, என்னை மட்டும் நம்பி யாரும் கடலில் இல்லை.

ஐந்து மணிக்கு அந்த வரியை வாசிப்பதாகத்தான் இருந்தேன். சத்தியமாக. நடுவில் மூன்று மணி நேரம். கொஞ்சம் பயம் வந்தால் போதும் என்றிருந்தேன். படகுகள் தாமதமாகும், பெண்கள் குன்றேறி வருவார்கள், அடுப்பு எரியும். பிறகு படகுகள் ஒவ்வொன்றாக வந்து சேரும், எல்லோரும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுவார்கள். அதற்குப் பிறகு அந்தத் தேதியை யாரும் ஜனவரிக்கு மாற்றமாட்டார்கள். யாரும் சாக வேண்டியதே இல்லை. யோசித்துப் பாருங்கள், அது எவ்வளவு நல்ல சாயங்காலமாக இருந்திருக்கும்.

கோப்பைகளைப் பற்றிக் கேட்டீர்கள். ஆமாம், மூன்று மணிக்கே பன்னிரண்டையும் இறக்கித் தூசி துடைத்து மேஜையில் வைத்தேன். காற்று அப்போது இன்னும் வடக்கில்தான் இருந்தது. நீங்கள் அதையே பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள். ஆட்கள் வருவார்கள் என்றால் கோப்பை எடுத்து வைக்கமாட்டீர்களா?

நான்கு மணிக்குக் காற்று திரும்பியது. அவ்வளவு சீக்கிரம் வரும் என்று யாருக்குத் தெரியும்? வடகாற்றுக்கு ஒதுங்க பிளின்டர் தீவின் தென்பக்கத்தைப் போல நல்ல இடம் கிடையாது. தென்மேற்குக் காற்று வந்துவிட்டால் அதுவே பொறி. பின்னால் பாறை, முன்னால் முழுக் கடல். அப்பனைக் கொண்டுபோனதும் அதே இடம்தான்.

டேரல் கூப்பிட்டான். நான் உடனே பதில் சொன்னேன், ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை. நங்கூரம் இழுக்கிறது என்றான். பதற்றப்படாதே, நான் இங்கேதான் இருக்கிறேன், பேசிக்கொண்டே இரு என்றேன். கால் மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம். என் குரல் நடுங்கவில்லை. துறையில் இருந்த கெல்வின் தன் படகு ரேடியோவில் இதைக் கேட்டுவிட்டு மறுபடியும் கடலுக்குக் கிளம்பினான். துறை முனையைத் தாண்ட முடியாமல் திரும்பிவிட்டான். அவனால் ஆனதைச் செய்தான்.

அதற்குப் பிறகு நான் கதவைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தேன். கெட்டிலில் தண்ணீர் கொதித்துக் கொதித்துச் சுண்டியது. மறுபடி ஊற்றினேன். குன்றுப் பாதையில் யாரும் வரவில்லை. கீழே துறையில் விளக்குகள் தெரிந்தன. எல்லோரும் கெல்வினின் படகைச் சுற்றி நின்றிருந்தார்கள். இப்போதெல்லாம் படகுகளிலேயே நல்ல ரேடியோ இருக்கிறது, எதற்காக ஏற வேண்டும்? தெல்மாவும் அங்கேதான் நின்றாள். அவளுடைய மஞ்சள் மழைக்கோட்டு எனக்குத் தெரியும். பக்கத்தில் ரெக் குடை பிடித்திருந்தான், அந்தக் காற்றில் குடை. பன்னிரண்டு கோப்பைகளும் கவிழ்த்து வைத்தபடியே இருந்தன. என் வாழ்க்கையில் அதைவிட மோசமான சாயங்காலம் கிடையாது, இன்ஸ்பெக்டர். மார்ஜ் போன அன்றுகூட அப்படி இருக்கவில்லை.

மிக் பாறையில் ஒதுங்கிப் பிழைத்துக்கொண்டான். நல்லது. விடிந்ததும் அவன் சொன்னதைக் கேட்டுத்தான் நீங்கள் என் வீட்டுக்கு வந்தீர்கள். "கான்ஸ்டான்டிநோபிள் விழுந்ததைச் சொன்னாரு, எவரெஸ்ட் ஏறினதைச் சொன்னாரு, காத்து திரும்பும்கிறதை மட்டும் சொல்லலை." அப்படித்தானே சொன்னான்? புத்திசாலிப் பையன். அவன் சொன்னதில் ஒரு எழுத்தைக்கூட நான் மாற்ற விரும்பவில்லை. எச்சரிக்கை என் கையில் இருந்தது. நான் அதை வாசிக்கவில்லை. தெரிந்துதான் வாசிக்கவில்லை. டேரல் ஜார்விஸ் அதனால்தான் இறந்தான். கையெழுத்து எங்கே போட வேண்டுமோ சொல்லுங்கள், போடுகிறேன்.

ஆனால் ஒன்றை நீங்கள் கவனிக்கவில்லை. பதினைந்து வருஷமாகத் தெல்மாவுக்குச் சொல்ல என்னிடம் உண்மையாக ஒன்றுமே இல்லாமல் இருந்தது. அது என் மனதை அரித்துக்கொண்டிருந்தது. இப்போது இருக்கிறது. அப்பன் பேசாததை மகன் பேசினான், கால் மணி நேரம், தெளிவாக. தண்ணீர் உள்ளே வரும்போது கெல்வினின் ரேடியோவில் இரைச்சல்தான் கேட்டதாம். கடைசி வார்த்தைகளைக் கேட்டது நான் ஒருவன் மட்டும்தான். உங்களுக்கு வேண்டுமென்றால் சொல்கிறேன். "வாத்தியாரே, காத்து திரும்பிருச்சே. நீங்க சொல்லவே இல்லையே" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. ஆச்சரியமாகக் கேட்டான், அவ்வளவுதான்.

இதை இப்படியே தெல்மாவிடம் சொல்ல முடியாது. பெற்ற மனம் தாங்காது. கொஞ்சம் அங்கே இங்கே மாற்றித்தான் சொல்ல வேண்டும், ஒரே தடவையில் எல்லாவற்றையும் சொல்லிவிடவும் கூடாது. இந்தத் தடவை அவன் அவளை அம்மா என்றுதான் கூப்பிடுவான், அதில் தப்பு வராது. அடுத்த வருஷம் மே இருபத்தொன்பது வெள்ளிக்கிழமை வருகிறது. நான் இருக்கப்போகிற இடத்தில் வெள்ளிக்கிழமைகளில் பார்வையாளர்களை விடுவார்களா என்று கொஞ்சம் விசாரித்துச் சொல்லுங்கள். குவீன்ஸ்லாந்திலிருந்து அவள் வர வேண்டும், தூரம்.